கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வழக்கமான கவுன்சலிங் மட்டும் ஏன் போதாது?

இலவசமாகக் கவுன்சலிங் கொடுத்தும் அந்தப் பிள்ளைகள் ஏன் மனம் திறப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரி என்றாலே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் பல குடும்பங்களில் இருக்கிறது, அது வீண் பயமும் இல்லை. கனடா அரசு சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தது, அங்கே தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். கடைசிப் பள்ளி மூடியதே 1990களில்தான், அதாவது இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மாவோ பாட்டியோ அங்கே வளர்ந்தவராக இருக்கலாம்.

அதனால் தொலைதூர ஊருக்கு ஒரு கவுன்சலர் விமானத்தில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய், அடுத்த முறை வேறு ஆள் வந்தால் எந்தப் பிள்ளை பேசும்? ஒரே ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும். அறைக்குள் கேள்வி கேட்பதைவிட, ஊர்ப் பெரியவர்களோடு மீன்பிடிக்கவோ காட்டுக்கோ போகும்போது பேச்சு தானாக வரும்.

அப்புறம், 1998இல் சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கண்டது: தன்னாட்சி, பள்ளி, மருத்துவம், பண்பாட்டு இடங்கள் எல்லாம் தங்கள் கையில் உள்ள பூர்வகுடிச் சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவு. என்னைக் கேட்டால் சிகிச்சையை அந்த ஊரே நடத்தட்டும், அதற்கான பணமும் பயிற்சியும் நேராக அங்கே போகட்டும்.