ஒற்றைக் குவாண்டம் புள்ளி ஏன் விட்டுவிட்டு ஒளிர்கிறது?

லேசர் சீராக விழுந்தும் குவாண்டம் புள்ளி, அதாவது ஒளி பட்டால் தானும் ஒளிரும் மிகச் சிறிய குறைக்கடத்தித் துகள், ஏன் அணைந்து அணைந்து எரிகிறது, நிறமும் ஏன் நகர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். செங்கோட்டை தாண்டி எங்கள் புளியரை வயலில் இருட்டியதும் மின்மினி பார்த்தவர்களுக்கு, நுண்ணோக்கியில் தெரியும் அந்தக் காட்சி புதிதாக இராது. காரணம்தான் வேறு: மின்னூட்டம்.

சில நானோமீட்டரே உள்ள காட்மியம் செலினைடு புள்ளி ஒன்றுக்குள் ஓர் எலக்ட்ரான் கூடுதலாகத் தங்கிவிட்டது என்று வையுங்கள். ஒளியாக வரவேண்டிய ஆற்றலை அது வாங்கிக்கொண்டு வெப்பமாக்கிவிடும். இதுதான் ஓஜே (Auger) நிகழ்வு. அந்தக் கூடுதல் எலக்ட்ரான் வெளியேறியதும் மறுபடி ஒளி. இருட்டு சில மில்லிநொடியும் இருக்கும், நிமிடக்கணக்கிலும் நீளும். 1996-இல் இதை முதலில் பதிவு செய்தார்கள்.

நிறம் நகர்வதுதான் எனக்கு இன்னும் வியப்பு. புள்ளியின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறைபாட்டில் சிக்கிய ஒரே ஒரு எலக்ட்ரான் சற்று இடம் மாறினாலும், அதன் மின்புலம் நிறத்தைத் தீர்மானிக்கும், உள்ளேயுள்ள ஆற்றல் மட்டங்களை அசைத்துவிடுகிறது; இதற்குப் பெயர் ஸ்டார்க் விளைவு. புள்ளியைச் சுற்றிக் காட்மியம் சல்பைடை ஓடுபோலத் தடிமனாகப் போர்த்தினால் மினுக்கல் வெகுவாக அடங்கும்.