எல்லாரும் எடுத்த படம்

அன்புள்ள ஐயா,

நான் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கொழும்பில் கணக்காளராக வேலை செய்கிறேன். ஏழு வருடங்களாக, சேர்த்த காசில் வருடத்துக்கு ஒரு நாடு என்று கமெராவுடன் போய் வருகிறேன். தாஜ்மகால், அங்கோர் வாட், போரோபுதூர், பாலி, சீனாவின் லி ஆறு ஆகியவற்றைப் பார்த்தாயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால், இவற்றை நான் போவதற்கு முன்பே எங்கோ பார்த்துவிட்டேன் என்ற எண்ணம்தான் வருகிறது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது லிப்டன் சீற் என்ற மலையுச்சிக் காட்சியிடத்தைப் பார்க்க ஏறினேன். வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் படமெடுத்தேன். ஓர் அம்மா கையை நிறுத்தாமலே, “இத வச்சி என்னா செய்யப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் அதே மக்களில் ஒருவன்தானே, என்னிடம் ஏன் அந்தக் கோபம்? என் படங்களில் உள்ள குறை என்ன? அடுத்த வருடம் ஜப்பானுக்குப் போக எண்ணியிருக்கிறேன். போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த நாற்பது படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தேன். கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்தை அளக்கத் தெரிந்திருக்கிறது, எதைச் சட்டத்துக்கு வெளியே விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லாரும் நிற்கும் இடத்தில், எல்லாரும் நிற்கும் வேளையில், எல்லாரும் நிற்கும் அளவு நேரமே நின்றிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் அங்கே நின்றவர்களின் படங்களைப் பார்த்துத்தான் அந்த இடத்துக்கே போயிருக்கிறீர்கள் என்பதால், திரும்பி வந்தபோது அவர்களுடைய படம் உங்கள் கமெராவுக்குள் இருந்ததில் வியப்பில்லை.

அங்கோர் வாட்டையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்த அந்தக் கோயில், நம் கோயில்களைப் போலக் கிழக்குப் பார்க்காமல் மேற்குப் பார்த்து நிற்கிறது. அதனால் மேற்கு வாசலால் உள்ளே போகிறவருக்குச் சூரியன் கோபுரங்களின் முதுகுப்புறத்தில் எழுகிறது. கோபுரங்கள் கறுத்த நிழலுருவாகின்றன, அவற்றின் பிம்பம் வடபுறக் குளத்தில் விழுகிறது. அந்தக் குளக்கரையில் விடியுமுன்பே நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் ஒட்டி நின்றுவிடுகிறார்கள். உங்கள் படமும் அந்தக் கரையிலிருந்து எடுத்ததுதான், அழகாகவே வந்திருக்கிறது. சூரியன் மேலேறியதும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்துவிடும். அந்த வேளையில் கோயிலின் மறுபுறத்தில், கிழக்குப் பிராகாரத்தின் தென்பாதியில், தூண்களுக்கு இடையால் இளவெயில் சாய்ந்து உள்ளே வரத் தொடங்குகிறது. அங்கே ஏறக்குறைய 49 மீற்றர் நீளத்துக்குத் திருப்பாற்கடல் கடையும் காட்சி புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவே திருமால், எல்லாருடைய கைகளிலும் வாசுகியின் உடல். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு தோளும் கல்லிலிருந்து தனியே பிரிந்து எழுவதைப் பார்க்கலாம். சிறுவயதில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கண் விழித்து இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கல்லில் கண்டும் ஒரு படம்கூட எடுக்காமல் வந்திருக்கிறீர்கள், அல்லது காணாமலே வந்திருக்கிறீர்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான்.

பாலியில் எடுத்த படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லெம்புயாங் கோயில் வாசலின் கீழே தெரியும் நீர்ப்பரப்பு அங்கே இல்லை என்பதும், கைபேசியின் வில்லைக்குக் கீழே பிடிக்கும் கண்ணாடித் துண்டில் தோன்றும் பிம்பமே அது என்பதும் வரிசையில் மணிக்கணக்காக நின்ற உங்களுக்குத் தெரிந்திருக்கும். லி ஆற்றில் நீர்க்காகத்தோடும் விளக்கோடும் மூங்கில் தெப்பத்தில் நிற்கும் முதியவரும் அங்கே மீனுக்காக நிற்பதில்லை. படமெடுக்க வருகிறவர்கள் கொடுக்கும் கூலிக்காகவே நிற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் நாட்டின் தென்கரையில், கொக்கல, வெலிகம பக்கத்தில், கடலுக்குள் நட்ட கம்புகளின் மேல் தூண்டிலோடு குந்தியிருப்பவர்களிலும் பலர் இன்று அப்படித்தான் பிழைக்கிறார்கள். மீன் ஏமாற்றினாலும் சுற்றுலாப் பயணி ஏமாற்ற மாட்டார் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தின் கீழே நீங்கள் ‘மீனவரின் வாழ்க்கை’ என்று எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். ‘படத்துக்காக நின்ற முதியவர்’ என்று எழுதியிருந்தால் அந்தப் படம் உண்மையானதாகவும், இன்னும் ஆழமானதாகவும் இருந்திருக்கும்.

ஜப்பானைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2024 மே மாதம், புஜி மலையின் அடிவாரத்திலுள்ள புஜிகவாகுசிகோ என்ற ஊரில், சாலையோரத்தில் இரண்டரை மீற்றர் உயரத்துக்கும் 20 மீற்றர் நீளத்துக்கும் கறுப்புத் திரையொன்றைக் கட்டினார்கள். அங்கேயுள்ள ஒரு கடையின் கூரைக்கு மேல் புஜி மலை உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் காட்சி கைபேசிகள் வழியாக உலகமெங்கும் பரவியதால், அதை எடுக்க வந்தவர்கள் பார்த்துக் கடக்காமல் வீதியில் இறங்கினார்கள், குப்பை போட்டார்கள், பக்கத்திலிருந்த பல் மருத்துவமனையின் வளவுக்குள் நுழைந்தார்கள். சொல்லியும் கேட்காதபடியால் ஊர்க்காரர் திரை கட்டினார்கள். அந்தத் திரையிலும் ஓட்டை போட்டுப் படமெடுத்தவர்கள் உண்டு. நீங்கள் ஜப்பானுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. பத்து நாளில் ஆறு நகரம் என்று திட்டம் போடாமல், ஒரே ஊரில் ஒரு கிழமை தங்குங்கள். முதல் இரண்டு நாளும் கமெராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவருடைய கோபம் நியாயமானது என்பதே என் பதில்.

நீங்களும் தோட்டத்துப் பிள்ளை. ஆனால் கொழும்பு வாழ்க்கையில் சில விஷயங்கள் கையைவிட்டுப் போயிருக்கலாம், ஆகவே நினைவுபடுத்துகிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றுவிட்டு மலைக்கு ஏறுகிற ஒரு பெண்ணுக்கு அந்த நாளுக்கென்று ஒரு கிலோக் கணக்கு இருக்கிறது. அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ கேட்கிற தோட்டமும் உண்டு, 20 கிலோ கேட்கிற தோட்டமும் உண்டு. நிறுவையில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்த பிறகு கணக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தோட்டங்களில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவையும் குறிக்கும், பேர் விழுந்தால் முழுச் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். அந்தக் கையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ள, கிள்ளியது உள்ளங்கையில் சேர, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் போக, அது விழுமுன் மற்றக் கை அடுத்த செடியில் இருக்கும். கொழுந்துச் சாறு விரல்களின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கறுத்துப் போயிருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. இடுப்பில் கட்டிய படங்கு பனியில் நனைந்து கனக்கும், காலில் அட்டை ஏறியிருக்கும். “கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க” என்று நாம் கேட்கும்போது நின்றுபோவது அந்தக் கைதான். நுவரெலியாப் பாதையோரத்தில் படத்துக்குக் காசு கேட்கும் பெண்களைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். நின்ற கைக்குக் கூலி கேட்பதில் என்ன பிழை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

‘நானும் அதே மக்களில் ஒருவன்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை நானும் ஒருகாலத்தில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர், நோர்வூட் பக்கத்தில், எங்கள் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருந்த பெரியம்மாவை நான் ஒரு படம் எடுத்தேன். மழை விட்ட நேரம், கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது. அந்தப் படத்தை ஒரு நிறுவனம் கேட்டு வாங்கித் தன் காலண்டரில் போட்டது. எனக்குச் சன்மானமும் வந்தது, படத்தின் கீழே என் பெயரும் சின்ன எழுத்தில் வந்தது. பெரியம்மாவிடம் நானோ நிறுவனமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹட்டனில் ஒரு கடைச் சுவரில் தன்னைக் கண்ட அவர், அன்று மாலையே எங்கள் வாசலில் வந்து நின்றார். “தம்பி, ஒங்க பேரு கீழ இருக்கு. எம் பேரு எங்க?” என்றார். கிழிந்த சட்டையோடு ஊரெல்லாம் தொங்குவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் சன்மானத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவும் இல்லை. சில வருடங்களுக்குப் பின் அவர் காலமானபோது, மாலை போட்டு வைப்பதற்கு வீட்டில் அவருடைய படம் ஒன்றும் கிடைக்காமல், அந்தக் காலண்டரிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார் மகன். இன்றும் அந்த வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான். பெரிதாக்கியதில் அச்சுப் புள்ளிகள் பிரிந்து, கண்கள் இருக்கும் இடம் கலங்கித் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு பிரதியை நான் கொடுத்திருந்தால், நல்ல சேலையோடு இன்னொரு படம் எடுத்துத் தந்திருந்தால், அந்தச் சுவரில் வேறு முகம் இருந்திருக்கும்.

இது எங்கள் மலைகளில் பழைய கதை. உலகப் புகழ்பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக்காரர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் தன் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார். கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய காலம் அது. 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் கணவரும் அவரும் அடக்கமாகியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் எடுத்து அந்தப் படங்களுக்குப் பெயரெழுதிய அவர், இங்கே தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். மிகச் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. நேராக நம்மைப் பார்க்கும் முகங்கள், அவ்வளவு கவனத்தோடு எடுத்தவை. நான் பார்த்த படங்களின் கீழே அந்த முகங்களுக்குரிய பெயர் இல்லை. அவர்களில் யாராவது எங்கள் பாட்டிக்குப் பாட்டியாக இருக்கக் கூடும். தேடுவதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

ஆகவே ஜப்பானுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். லிப்டன் சீற் வழியில் எடுத்த படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, திரும்பவும் அந்த மலைக்குப் போங்கள். வேலை நேரத்தில் போகாதீர்கள். அந்தி நிறுவை முடிந்து அவர்கள் லயத்துக்குத் திரும்பும் வேளையில் போங்கள். உங்கள் ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வானம் வெளித்திருக்கும், காற்றுத்தான் பலமாக அடிக்கும்; ஹட்டன், நோர்வூட் பக்கம் அந்த மாதங்களில் மழையில் கிடக்கும், எங்களுக்கு நல்ல வெளிச்சம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த அம்மாவைக் கண்டால் படத்தைக் கையில் கொடுங்கள். பெயரைக் கேட்டு, உங்களிடமிருக்கும் பிரதியின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அவர் விரும்பாவிட்டால், அவர் கண் முன்னாலேயே கமெராவிலிருந்து அழித்துவிடுங்கள். விரும்பினால், அவர் எப்படி நிற்க ஆசைப்படுகிறாரோ, யாரோடு நிற்க ஆசைப்படுகிறாரோ, அப்படி ஒரு படம் எடுங்கள். நான் பார்த்தவரையில் கூடையோடு நிற்க ஆசைப்பட்டவர் எவரும் இல்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வார்கள், அல்லது உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து கூறைச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதுவரை பொறுத்திருங்கள்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் போவீர்கள், தெரியும். 1921இல் முடிந்த அந்தப் பாலத்தை எல்லாரும் எல்ல பக்கத்து மேட்டிலிருந்து, நீலநிற ரயில் வரும் நிமிடத்தில்தான் எடுக்கிறார்கள். ரயில் போன பிறகு கீழே இறங்கி, தூண்களின் அடியில் போய் நின்று, கல்லையும் செங்கல்லையும் பாருங்கள். 24 மீற்றர் உயரத்துக்கு இரும்புச் சட்டமில்லாமல் அடுக்கிய கைவேலை அங்கேதான் தெரியும்.

ஜனவரி கடைசியில் எனக்கு ஒரு கிழமை ஓய்வு இருக்கிறது. ஹட்டனுக்கு வந்தால் பொகவந்தலாவை பஸ்ஸில் சேர்ந்தே போகலாம், தேவாலயத்து வளவில் அந்தக் கல்லறையையும் காட்டுகிறேன். வழியில் நோர்வூட்டில் இறங்கி, நான் சொன்ன வீட்டுக்கும் போவோம். பெரியம்மாவின் மகளுக்கு இப்போது அதே முகம் வந்திருக்கிறது. கமெராவோடு யாராவது வந்தால் கூட்டிவரும்படி அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்.