மணல் ஒட்டிய உடுப்போடு வரும் பிள்ளை என்ன கற்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள பாலர் பள்ளிக்கு மூன்று மாதமாகப் போகிறாள். தினமும் உடுப்பில் மணலும் வர்ணமுமாகத் திரும்புகிறாள். பாடுகிறாள், நிறையக் கதை சொல்கிறாள். ஆனால் ஒரு பயிற்சித்தாள்கூட வீட்டுக்கு வருவதில்லை. வேறு பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான். ஏ முதல் இசட் வரை எழுதுகிறான், ஐம்பது வரை ஒப்பிக்கிறான். பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் காலையில் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எழுத்து. பிள்ளைகளுக்குப் பொதுவாக மூன்று வயதில் வட்டம் வரைய வரும், நான்கில் கூட்டல் குறி வரும். சதுரம் அதற்கு அப்புறம். முக்கோணம் பெரும்பாலும் ஐந்து வயதை ஒட்டித்தான். சாய்கோடு இழுப்பது அவ்வளவு கடினம். ஏ, கே போன்ற எழுத்துகளில் இருப்பதோ சாய்கோடுகள்தான். அதனால் உங்கள் மகள் இன்னும் எழுதாதது தாமதமே இல்லை. ஈர மணலைப் பிடித்து வைப்பதும், மாவு பிசைவதும், காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதும் பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்களுக்கு வலுவேற்றுகின்றன. வீட்டில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை அவளிடம் கொடுங்கள். நீளப் பென்சிலை விட உடைந்த கிரேயான் துண்டு நல்லது. துண்டு சிறிதாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடிக்க முடியும்.

எண்ணுவதற்கு ஒரு சின்னச் சோதனை. "நாலு கரண்டி எடுத்து வாம்மா" என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பது வரை ஒப்பிக்கிற பிள்ளைகள் சிலர் இதற்குக் கைநிறைய அள்ளி வருவார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவதும்தான் கணக்கின் அடிப்படை. பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவது இதற்கு அருமையான பழக்கம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் "நிறையக் கதை சொல்கிறாள்" என்பதுதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நடந்ததை வரிசைப்படுத்தி, அங்கே இல்லாத ஒருவருக்குப் புரியும்படி சொல்வது பெரிய வேலை. பின்னால் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இந்தத் திறன்தான் கைகொடுக்கும். பாட்டும் அப்படியே. பட்டு, சிட்டு, மொட்டு என்று ஒத்து ஒலிப்பதைக் காது பிடித்துக்கொண்டால், சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது எளிதாகும். வாசிக்கக் கற்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது. இதை வீட்டில் தமிழிலேயே செய்யுங்கள். ஒரு மொழியில் பழகிய காது அடுத்த மொழிக்கும் உதவும், ஆகவே ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம்.

1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மட்டும் அந்தப் பாலர் பள்ளிக்குப் போனார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது, போனவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அதிகம், கைதானவர்கள் குறைவு. அந்த வகுப்பில் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று முதலில் தானே சொல்லும், பிறகு செய்யும், அப்புறம் செய்ததைப் பற்றிப் பேசும். நம் மலேசியாவில் 2010-இல் அறிமுகமாகி 2017-இல் திருத்தப்பட்ட பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டு வழிக் கற்றலைத்தான் வலியுறுத்தியது.

சரி, அந்த அரை மணி நேரத்தில் டீச்சரின் பேச்சைக் கவனியுங்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று தொடர்கிறாரா? ஊஞ்சலுக்குச் சண்டை வந்தால் அதட்டுகிறாரா, இல்லை முறை வைத்துக் காத்திருக்கச் சொல்லிக்கொடுக்கிறாரா? சுவரில் முப்பது படமும் ஒரே மாதிரி இருந்தால் வரைந்தது டீச்சர்தான். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள் என்றும் பாருங்கள். அரசாங்கப் பாலர் வகுப்புகளில் 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். கல்வி இலாகாவின் பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். பிள்ளைகள் நேரம் முழுதும் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்தால், மணலில் யாரும் கவனிக்காமல் விடப்பட்டிருந்தால், தாராளமாகப் பள்ளியை மாற்றுங்கள்.

நான்கு வயதில் பிள்ளை பேசுவது வெளியாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேரவே இல்லை என்றால் அரசாங்கக் கிளினிக்கில் உடனே காட்ட வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளிடம் அப்படி எதுவும் தெரியவில்லை.

பையனோடு அவளை ஒப்பிட்டு அவள் காதுபடப் பேசாதீர்கள். இன்று சாயங்காலம் "என்ன படிச்சே?" என்பதற்குப் பதிலாக, "மணல்ல என்ன கட்டினே? யார்கூடக் கட்டினே?" என்று கேட்டுப் பாருங்கள்.