ஒரு ஊசி போதுமா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: கேள்வி பதில்

கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துவதுதான் பல வருடங்களாக என் வேலை. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸுக்கான தடுப்பூசி பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மூன்று ஊசி என்றார்கள், அப்புறம் இரண்டு, இப்போது ஒன்று போதுமாம். நம்மைப் போன்ற நாடுகளுக்கு மட்டும் அரைகுறையாகக் கொடுக்கிறார்களா டாக்டர்? (ஓர் அம்மா, நாமக்கல்)

நம்மைப் போன்ற நாடுகளுக்கு மட்டும் இல்லை அம்மா. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 2023இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஊசி என்று மாறிவிட்டன. அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்ததில் நம் ஊர்ப் பெண்களுக்கும் பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2009இல் இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒன்று. 10 முதல் 18 வயதுப் பெண்கள் 20,000 பேரைச் சேர்த்து, மூன்று ஊசியா இரண்டு ஊசியா என்று ஒப்பிடுவது திட்டம். 2010 ஏப்ரலில் எச்பிவி ஊசி ஆய்வுகள் எல்லாவற்றையும் நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஊசி நின்றதே தவிர, அவர்களைப் போய்ப் பார்ப்பது நிற்கவில்லை. பத்து வருடக் கணக்கு 2021இல் வெளிவந்தது. புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் எச்பிவி 16, 18 வகைக் கிருமிகள் உடம்பில் தங்கிவிடாமல் தடுக்கும் திறன் ஒரு ஊசிக்கு 95.4 சதவீதம், இரண்டுக்கு 93.1, மூன்றுக்கு 93.3. வித்தியாசமே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

கோஸ்டாரிக்காவிலும் இதே கதை. அங்கே கர்ப்பம் போன்ற காரணங்களால் சில பெண்கள் அடுத்த ஊசிக்கு வர முடியாமல் போனது. பதினோரு வருடம் கழித்தும் அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆனால் இரண்டுமே எதேச்சையாக அமைந்தவை. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கென்யாவில் அதற்கென்றே திட்டமிட்டு, 15 முதல் 20 வயதுப் பெண்கள் 2,275 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரே ஊசியில், பதினெட்டு மாதத்தில் 97.5 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

தான்சானியாவில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகள் 930 பேர். அந்த வயதில் தொற்றே வந்திருக்காது, அதனால் ஊசி தடுத்ததா என்று நேரடியாகப் பார்க்க வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சிறுமிகளின் ரத்த மாதிரியையும், கோஸ்டாரிக்கா, இந்திய ஆய்வுகளில் ஒரு ஊசி போட்டவர்களின் மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் அளந்தார்கள். எதிர்ப்புச் சக்தியின் அளவு குறையவில்லை. தனித்தனி ஆய்வுகள் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டதால்தான் இது முடிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசியை ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்குப் போட வேண்டிய மருந்து நாலு பேருக்குப் போய்ச் சேரும் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்கு 38 வயது. ஊசி போட்டுக்கொள்ளலாமா மேடம்?

உங்களுக்கு முதல் தேவை பரிசோதனை. ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி வெளியேற்றாது. மகளுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை.

ஆந்திராவில் இந்த ஊசி போட்டு ஏழு சிறுமிகள் செத்தார்களே? அதை ஏன் மறைக்கிறீர்கள்? (மதுரை)

மறைக்கவில்லை தம்பி. அன்றைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா இரண்டு இடங்களிலும் 2009இல் நடந்தது வேறொரு திட்டம். இரண்டு இடங்களிலும் சேர்த்து நடந்த ஏழு மரணங்களையும் விசாரித்த குழு, ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மலேரியா போன்றவையே காரணங்கள்.

ஆனால் இன்னொரு விஷயம் அப்பட்டமான தவறு. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை வார்டன்கள் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2010இல் இந்தத் திட்டத்தின் மேல் எழுந்த கோபம்தான், மேலே சொன்ன சம்பந்தமில்லாத ஆய்வையும் சேர்த்து நிறுத்தியது. என் முகாமில் படிக்கத் தெரியாத தாய் வந்தால், படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. வரிசை எவ்வளவு நீண்டாலும் சரி.

அப்படியானால் ஏழைப் பெண்களை வைத்துத்தானே எல்லா ஆய்வும்? பரிசோதனையே செய்யாமல் விட்டுவைத்து எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணினார்களே? (அதே மதுரைக்காரர்)

இதில் நான் உங்கள் பக்கம். பரிசோதனை சாவைக் குறைக்குமா என்று பார்க்க திண்டுக்கல், மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத், மும்பை ஆகிய இடங்களில் நடந்த மூன்று ஆய்வுகளிலும் பரிசோதனை இல்லாத பிரிவில் 1,38,624 பெண்கள் இருந்தார்கள். அன்று நம் ஊரில் யாருக்குமே பரிசோதனை கிடையாது, அதனால் அது நியாயம் என்றார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. மும்பை ஆய்வில் பெண்களுக்குச் சரியாக விளக்கவில்லை என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகமே சொன்னது. அதே நேரம், செவிலியர் செய்யும் எளிய பரிசோதனையே சாவை 35 சதவீதம் குறைக்கும் என்று திண்டுக்கல் ஆய்வு 2007இல் காட்டியது. அவ்வளவு கொடுத்துத் தெரிந்துகொண்டதை வீட்டு வாசல்வரை கொண்டுபோகாமல் விட்டால் அது அடுத்த அநியாயம்.

42 வயது, ஊசி போடலாமா? / 45 வயது, போடலாமா? / கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், போடலாமா?

மேலே 38 வயதுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். முதலில் பரிசோதனை. மறுபடியும் சொல்கிறேன்: மகளுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை.

பையனுக்குப் போடலாமா?

போடலாம். கையில் இருப்பது ஒரு ஊசிக்கான பணம் என்றால் மகளுக்கு முதலில்.

மகளுக்கு எச்ஐவி இருக்கிறது. ஒரு ஊசி போதுமா?

போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்து மருத்துவரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. இப்போது லேசாக ரத்தம் படுகிறது. ஊசி போட்டால் சரியாகுமா அக்கா?

ஆகாது. முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனை மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போங்கள்.

எனக்கு 50 வயது. இனிமேல் ஊசி...

பரிசோதனை அம்மா, பரிசோதனை.

அந்தப் பரிசோதனையில் என்னதான் செய்வார்கள்? வலிக்குமா? கூச்சமாக இருக்கிறது.

சேலையைக் கழற்ற வேண்டாம், உயர்த்திக்கொண்டால் போதும். உள்ளே வைக்கும் கருவி சில்லென்று இருக்கும். நர்ஸ் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைப்பார். லேசாக எரியும். ஒரு நிமிடம் பொறுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். மாறுதல் உள்ள இடம் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மொத்தம் ஐந்து நிமிடம். நர்ஸிடம் கூச்சம் என்று சொல்லுங்கள், கதவைத் தாழிட்டு மெதுவாகச் செய்வார். மாதவிடாய் நாளில் மட்டும் போக வேண்டாம்.