ஹொக்கி அணியில் பெஞ்சிலேயே இருக்கும் மகனுக்கு ஆட நிமிடம் தரும்படி கோச்சிடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் "இறக்குங்கள்" என்று அல்ல, "என்ன குறை?" என்று. ஹட்டனிலிருந்து மாத்தளை வரை பஸ்ஸில் கூட்டிப்போய், 16 வயதுப் பையனை ஒரு நிமிடமும் ஆடவிடாமல் திருப்பிக் கொண்டுவருவது எனக்கும் சரியாகப் படவில்லை. முதல் ஐந்து நிமிடத்தைக் கோச் கொடுக்கத்தான் வேண்டும். மிச்சத்தை அவன் சம்பாதிக்கட்டும்.

ஹொக்கியில் எத்தனை தடவையும் ஆளை மாற்றலாம், வெளியே வந்தவர் திரும்பவும் போகலாம். 15 நிமிடக் குவாட்டரில் ஐந்து நிமிடம் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. பெனால்டி கோர்னர் (கோலுக்கு அருகே செய்த தவறுக்கு எதிரணிக்குக் கிடைக்கும் அடி) கொடுத்த பிறகு அது முடியும்வரை மட்டும் மாற்ற முடியாது. அந்த நேரத்தில் கோச்சைக் குறை சொல்லாதீர்கள்.

கோச் அவனை இறக்காததற்கு என் ஊகம், பந்தை நிறுத்துவதில்தான் சிக்கல். நம் பக்கத்து ஈரப் புல்லில் பழகியவனுக்கு டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், பந்து சர்ரென்று வரும். அவனை நோக்கி வேகமாகப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். ஏழெட்டு மட்டையிலேயே நின்றால் தைரியமாகப் பேசுங்கள். நாலைந்துதான் என்றால் முதலில் அதைப் பழக்குங்கள்.

அப்புறம், மெட்ச் நாளில் கேட்க வேண்டாம். மகன் பக்கத்தில் நிற்கும்போதும் வேண்டாம், பையன்கள் கூசிப்போவார்கள்.