635001: 13-லயே நிறுத்திட்டீங்களே

வணக்கம்ங்க, நானும் கிருஷ்ணகிரிதான். பையன் ப்ராஜெக்ட்டுக்கு நம்ம ஊர் பின்கோடு 635001-ஐ 3 × 211667-னு பிரிச்சு, 211667 பகா எண்ணுன்னு எழுதுனதுக்கு டீச்சர் சுழிச்சிட்டாங்கன்னு போட்டிருந்தீங்க, அவங்க மேல தப்பில்லைங்க. 7, 13 ரெண்டுலயும் மீதி 1 வருது, 11-ல 5, சரி இனிமே எதுலயும் போகாதுன்னு விட்டிருப்பீங்க, அடுத்த 17-ஐப் போட்டிருந்தா 12451-னு சுத்தமா போயிருக்கும். இந்த 12451 நெசமாவே பகா எண்தான், வர்க்கமூலம் 111 சொச்சம், அதனால 109 வரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பாத்தா போதும் (டீக்கடையில பில்லு பின்னாடியே போட்டுப் பாத்தேன், டீ ஆறிப்போச்சு). ஆக 3 × 17 × 12451, மொத்தம் 8 காரணி. அப்புறம், 3 ஒரே தடவ வர்றதால இத ரெண்டு முழு வர்க்கங்களோட கூட்டலா எழுதவே முடியாது, அதையும் சேத்துக்கச் சொல்லுங்க.