இயேசுவை மெசியாவாக ஏற்ற யூதர் யூதர்தானா?

வேதாகம வகுப்பில் “இயேசுவை மெசியாவாக, அதாவது கடவுள் அனுப்புவார் என்று யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பராக, ஏற்றாலும் யூதர் யூதரே” என்று சொன்னீர்கள், இஸ்ரேலில் வேலை பார்த்த நண்பர் மறுத்தார், யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே சரி. கேள்வியில்தான் சிக்கல்.

ஆஸ்வால்ட் ருஃபைசன் என்பவரைப் பாருங்கள். போலந்து யூதர். ஜெர்மன் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, 1942இல் மீர் ஊரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து சுமார் 300 யூதர்கள் தப்பிக்க வழிசெய்தார். பிறகு கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், போருக்குப் பின் கார்மேல் சபைத் துறவியானார். இஸ்ரேலுக்கு வந்து, யூதர்களுக்கான ‘திரும்பிவரும் உரிமைச் சட்ட’த்தின்கீழ் குடியுரிமை கேட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், மதச்சட்டமான ஹலாக்காவின்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினாலும் யூதரே என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் திரும்பிவரும் உரிமைச் சட்டம் மதச்சார்பற்ற சட்டம். கிறிஸ்தவத் துறவியைச் சாதாரண மக்கள் யூதர் என்று அழைக்கமாட்டார்கள் என்றார்கள். (பின்னர் வழக்கமான முறையில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றார்.) 1970 திருத்தம் “வேறு மதத்தைச் சேராதவர்” என்ற நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. உங்கள் நண்பர் சொல்வது இந்த நாட்டுச் சட்டத்தை, நீங்கள் சொன்னது ஹலாக்காவை.

“தவறான மெசியாவை நம்பியதால் விலக்கினார்கள்” என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். கி.பி. 132இல் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை மெசியா என்றவர் ரபி (யூத மத ஆசிரியர்) அகிவா. கிளர்ச்சி தோற்றது, அகிவாவோ இன்றும் யூதர்கள் போற்றும் ஆசான். மனிதரைக் கடவுளாக வணங்குவதும், வேறொரு சமூகத்தில் சேர்வதும்தான் அவர்களுக்கு உறுத்துகிறது.